தூய இனமும் கலப்பினமும்: நாய் வளர்ப்பில் எழுந்த ஒரு விவாதம்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் நாயே மூத்தது. ஆடும் மாடும் அவனது தொழுவத்தை அடைவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாய் அவனது அடுப்படியை வந்தடைந்துவிட்டது. ஓநாயின் வழித்தோன்றலாகிய இவ்விலங்கு இன்று கொண்டுள்ள வடிவ வேறுபாடு வியப்பிற்குரியது. கையிலடங்கும் சிவாவாவும் கன்றளவு வளரும் கிரேட் டேனும் ஒரே உயிரினத்தைச் சார்ந்தன என்பதைக் கண்ணாற் கண்டும் நம்புதல் அரிது. இவ்வேறுபாட்டிற் பெரும்பகுதி இயற்கை தானே அளித்ததன்று. மந்தை காக்க ஒன்று, வேட்டைக்கு ஒன்று, மடியில் இருத்த ஒன்று எனத் தன் தேவைக்கும் விருப்பத்திற்கும் ஏற்ப மனிதன் தெரிந்தெடுத்து இணைசேர்த்தமையின் விளைவே அது.

அத்தெரிவு எவ்வாறு நடைபெறல் வேண்டும் என்பது பற்றி மேனாடுகளில் அண்மைக் காலத்தில் ஒரு விவாதம் மூண்டுள்ளது. இரு தூய இனங்களை வேண்டுமென்றே கலந்து, அக்கலப்பிற்குப் புதுப்பெயர் சூட்டி, உயர்ந்த விலைக்கு விற்கும் வழக்கம் அங்கே பரவியுள்ளது. லாபிரடோரும் பூடிலும் சேர்ந்தது ‘லாபிரடூடில்’. கொக்கர் ஸ்பானியலும் பூடிலும் சேர்ந்தது ‘கொக்கபூ’. கவலியர் ஸ்பானியலும் பூடிலும் சேர்ந்தது ‘கவபூ’. இவற்றை ‘டிசைனர் நாய்கள்’ என வழங்குவர். இவை நோயற்றவை, ஒவ்வாமை விளைக்காதவை, இரு இனத்தின் நற்குணங்களையும் ஒருங்கே உடையவை என்பர் ஒரு சாரார். இவை பெயர் மாற்றம் பெற்ற சாதாரண கலப்பு நாய்களே; இவற்றை வாங்குவோர் ஏமாற்றப்படுகின்றனர் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளுள் எது எவ்வளவு உண்மை என்பதை ஆராய்தல் பயனுடையதாகும். ஏனெனில், இது நாயைப் பற்றிய விவாதமாகத் தோன்றினும், பரம்பரை பற்றிய அறிவையும் உயிர்கள்பால் மனிதனுக்குள்ள பொறுப்பையும் பற்றிய விவாதமே ஆகும்.

முதற்கண் ‘தூய இனம்’ என்பதன் பொருளை நோக்குவோம். நாய்க் கண்காட்சி என்று கொள்ளத்தக்கது 1859 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடைபெற்றது. 1873 இல் அந்நாட்டிலும், 1884 இல் அமெரிக்காவிலும் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கழகங்கள் தோன்றின. இவை ஒவ்வோர் இனத்திற்கும் வமிசாவளி ஏடு வகுத்தன. ஏட்டிற் பதிந்த பெற்றோருக்குப் பிறந்த குட்டியே அவ்வினத்தது என விதித்தன. எனவே, தூய இனம் என்பது பெரும்பாலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குட்பட்ட ஓர் ஏற்பாடே. அதற்கு முன்னர் அவ்வினங்கள் யாவும் கலப்பினாலே உருவானவை. ஸ்கொத்லாந்தில் துவீட்மவுத் பிரபு 1868 ஆம் ஆண்டு மஞ்சள் நிற ரிற்றீவர் ஒன்றையும் நீர் ஸ்பானியல் ஒன்றையும் இணைத்தமையாலேயே கோல்டன் ரிற்றீவர் என்னும் இனம் தோன்றியது. ஜேர்மனியின் அப்போல்டா என்னும் ஊரில் வரி அறவிடுபவராக இருந்த டோபர்மன் என்பார் பலவகை நாய்களைக் கலந்து உண்டாக்கியதே அவர் பெயரால் வழங்கும் காவல் நாய். கலப்பு என்பதே இழிவெனின், தூயவை எனப் போற்றப்படும் இவையும் அவ்விழிவுக்கு ஆளாதல் வேண்டும். ஆதலின், கலந்தமை பற்றி மட்டும் ஒன்றைக் குறைகூறுதல் பொருந்தாது. எதற்காகக் கலந்தனர், கலந்தபின் யாது செய்தனர் என்பனவே வினாவத்தக்கன.

இனி, இன்றைய விவாதத்தின் தொடக்கத்தைக் காண்போம். 1980 களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் சங்கம் ஒன்றில் நாய் இனவிருத்திப் பொறுப்பாளராக இருந்தவர் வொலி கொன்றன். ஹவாய்த் தீவிலிருந்து பார்வையற்ற பெண்மணி ஒருவர் அவருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தமக்கு வழிகாட்டும் நாய் வேண்டும். ஆயின் தம் கணவருக்கு நாயினால் ஒவ்வாமை ஏற்படுகின்றது. அவரைத் துன்புறுத்தாத நாய் கிடைக்குமா என்பதே அது. மயிர் மிகுதியாக உதிராத பூடிலே தக்கது எனக் கருதிய கொன்றன், மூன்றாண்டுகளில் முப்பத்துக்கு மேற்பட்ட பூடில்களைப் பரீட்சித்தார். அவற்றுள் ஒன்றேனும் வழிகாட்டும் பணிக்கு இசையவில்லை. ஈற்றில் அப்பணிக்குப் பேர்பெற்ற லாபிரடோரையும் பூடிலையும் இணைத்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் மயிரும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பிப் பரிசோதிக்கப்பட்டன. மூன்றனுள் ஒன்று மட்டுமே அக்கணவருக்குத் தீங்கு செய்யாதது எனக் கண்டனர். சுல்தான் என்னும் பெயர்பெற்ற அந்நாய் பயிற்சி பெற்று அப்பெண்மணியிடம் சென்று சேர்ந்தது.

இம்முயற்சியைக் குறைகூறுவார் எவருமிலர். அடுத்து நிகழ்ந்ததே கவனிக்கற்பாலது. எஞ்சிய இரு குட்டிகளையும் ஏற்று வளர்க்க ஒருவரும் முன்வரவில்லை. தூய லாபிரடோருக்காகக் காத்திருந்தோர் கலப்பு நாயை விரும்பவில்லை. எனவே, இவை கலப்பு நாய்கள் என்று கூறாது, ‘லாபிரடூடில்’ என்னும் புதிய நாய் உருவாகியுள்ளதாக அறிவித்தனர். அதே குட்டிகளை வேண்டிப் பலர் முன்வந்தனர்! நாயில் யாதொரு மாற்றமும் நிகழவில்லை. பெயர் ஒன்றே மாறியது. பெயரின் வலிமையை உணர்ந்த வணிகர் பலர் அதனைப் பற்றிக்கொண்டனர். பெற்றோரின் நலத்தைப் பரிசோதியாது கண்டபடி இணைசேர்த்து விற்கலாயினர். பிற்காலத்தில் கொன்றனே தாம் இக்கலப்பைத் தொடக்கியமைக்காக வருந்தினார். 2019 ஆம் ஆண்டு அளித்த வானொலிப் பேட்டியிலும் அவ்வருத்தத்தை அவர் மறைக்கவில்லை.

இந்நாய்களைப் பற்றிக் கூறப்படும் பெருமைகளை இனி ஒவ்வொன்றாக ஆராய்வோம். ஒவ்வாமை விளைக்காது என்பது முதலாவது. ஒவ்வாமைக்குக் காரணம் மயிர் எனப் பலர் எண்ணுவர். உண்மையில் நாயின் உமிழ்நீரிலும் தோற்பொடியிலும் உள்ள சில புரதங்களே அதற்குக் காரணம். மயிர் அப்புரதங்களைச் சுமக்கும் ஊர்தி மட்டுமே. மயிர் உதிராத நாயும் நக்கும். அதன் தோலும் பொடியாய் உதிரும். 2012 ஆம் ஆண்டு ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை விளைக்காதவை எனப் புகழப்பட்ட லாபிரடூடில், பூடில் முதலியவற்றின் மயிரில் அத்தகைய புரதம் பிற நாய்களின் மயிரிலும் குறைவாக இருக்கவில்லை, மிகுதியாகவே இருந்தது. அவை வாழ்ந்த வீடுகளின் காற்றிலும் குறைவு காணப்படவில்லை. கொன்றனின் மூன்று குட்டிகளுள் ஒன்றே தேறியமையும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. ஒவ்வாமை நாய்க்கு நாய் வேறுபடும், மனிதருக்கு மனிதரும் வேறுபடும். இனத்தின் பெயர் அதற்கு உறுதி தாராது.

இரு இனத்தின் நற்குணங்களும் ஒருங்கே அமையும் என்பது இரண்டாவது. இதனை விளங்கிக்கொள்ள மெண்டலின் விதிகளை நினைவு கூர்தல் வேண்டும். நாயின் மயிர் வேறுபாட்டிற் பெரும்பகுதி மூன்று பரம்பரையலகுகளால் விளைவது என 2009 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஒன்று முகத்தில் மீசையும் புருவமயிரும் அடர்ந்து வளர்வதை ஆள்வது. ஒன்று மயிரின் நீளத்தை ஆள்வது. ஒன்று சுருளை ஆள்வது. அடர்ந்த முகமயிர் ஆட்சியுடைய இயல்பு. பூடிலிடம் அவ்வலகு இரட்டையாக உண்டு, லாபிரடோரிடம் இல்லை. ஆகவே, முதற்றலைமுறைக் குட்டிகள் யாவும் அதில் ஒவ்வொன்றைப் பெற்று, முகத்தோற்றத்தில் ஒருவாறு ஒத்திருக்கும். அக்குட்டிகளையே தம்முள் இணைப்பின், அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு அவ்வலகை முற்றாக இழந்து லாபிரடோர் போன்ற முகத்துடன் பிறக்கும் என எதிர்பார்க்கலாம். நீளமும் சுருளும் அவ்வாறே பிரிந்து பலவாறு கூடும். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட அதே கணக்குத்தான் இது. குணமும் அறிவும் பல அலகுகளாலும் வளர்ப்பு முறையாலும் அமைவன. அவற்றை முன்கூட்டிக் கூறுதல் இன்னும் அரிது. லாபிரடோரின் பொறுமையும் பூடிலின் கூர்மையும் சேரும் என்று விளம்பரம் கூறும். லாபிரடோரின் அடங்காத் துள்ளலும் பூடிலின் நடுக்கமும் சேரவும் கூடும் என்பதை அது கூறாது.

நோயற்றவை என்பது மூன்றாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. நெருங்கிய உறவினுள்ளே தொடர்ந்து இணைசேர்க்கும்போது மறைந்து கிடக்கும் பின்னிடைவான குறைகள் இரட்டித்து வெளிப்படுகின்றன. அயலினத்தோடு கலக்கும்போது அவை மறைகின்றன. கலப்புப்பிறப்பு வீரியம் என உயிரியலார் கூறுவது இதனோடு தொடர்புடையது. ஆயின், இரு இனங்களும் ஒரே குறையைச் சுமப்பின் கலப்பினால் வரும் பயன் யாது? விழித்திரை நாளடைவிற் கெட்டுக் குருடாக்கும் ஒரு பரம்பரை நோய்க்குரிய அலகு லாபிரடோரிடத்தும் உண்டு, பூடிலிடத்தும் உண்டு. அதனைச் சுமக்கும் இரண்டைப் பரிசோதியாது இணைப்பின், வழிகாட்டப் பிறந்த நாயே வழிதெரியாததாய் முடியலாம்.

ஆய்வுகளும் இவ்வாறே பேசுகின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2013 இல் வெளியிட்ட ஆய்வு 24 பரம்பரை நோய்களை எடுத்துக்கொண்டது. அவற்றுள் 10 நோய்கள் தூய இனங்களில் மிகுதியாகவும், ஒன்று கலப்பு நாய்களில் மிகுதியாகவும் இருந்தன; 13 நோய்களில் வேறுபாடு இல்லை. அங்கே கணக்கிடப்பட்டவை பொதுவான கலப்பு நாய்கள். டிசைனர் நாய்களையே எடுத்துக்கொண்டு இலண்டன் றோயல் மிருகவைத்தியக் கல்லூரியார் 2024 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கொக்கபூ, லாபிரடூடில், கவபூ என்னும் மூன்றையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டதில், நூற்றுக்கு 86 க்கு மேற்பட்ட ஒப்பீடுகளில் வேறுபாடு காணப்படவில்லை. எஞ்சியவற்றில் நன்மையும் தீமையும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. ஆகவே, இவை பெற்றோர் இனங்களிலும் சிறந்தவையும் அல்ல; தாழ்ந்தவையும் அல்ல.

இங்ஙனம் கூறியமை கொண்டு தூய இன ஆதரவாளரின் கட்சி வென்றது எனக் கொள்ளல் தகாது. டல்மேஷன் நாயின் கதை அவர்களுக்கு ஒரு பாடமாகும். அவ்வினத்து நாய்கள் அனைத்தும் சிறுநீரில் யூரிக்கமிலம் மிகும் ஒரு குறையை இரட்டையாகச் சுமந்தன. அதனாற் பல நாய்கள் சிறுநீர்க்கல்லால் வருந்தின. இனம் முழுவதும் குறையுற்றபோது இனத்தினுள்ளே மருந்து தேடுதல் இயலாது. 1973 ஆம் ஆண்டு ரொபேட் ஷைபிள் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரே ஒரு முறை பொயின்ரர் நாயோடு கலந்து, குறையற்ற அலகைப் பெற்றார். பின்னர் தலைமுறைதோறும் டல்மேஷனோடே இணைத்தார். அயலினத்தின் பங்கு ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறையுமாதலின், பத்துத் தலைமுறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிதாகும். புள்ளியும் வடிவும் மாறவில்லை. நோய் மட்டும் நீங்கியது. எனினும், தூய்மை கெட்டதென வளர்ப்போர் பலர் எதிர்த்தமையால், அமெரிக்கக் கழகம் இந்நாய்களை 2011 ஆம் ஆண்டிலேயே முறையாக ஏற்றுக்கொண்டது. ஏட்டின் தூய்மைக்காக உயிர் வருந்திய காலம் முப்பத்தெட்டு ஆண்டுகள்! நோர்வேயின் அதியுயர் நீதிமன்றம் 2023 இல், கவலியர் ஸ்பானியல் இனத்தை அதன் நோய்களின் காரணமாக அவ்வாறே பெருக்குதல் விலங்கு நலச் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்த்தமையும் இங்கு நினையத்தக்கது.

கொன்றன் கலந்ததும் ஷைபிள் கலந்ததும் தெளிவான தேவை நோக்கியே. இருவரும் பிறந்தவற்றைப் பரிசோதித்தனர். பெயரை நம்பிப் பெருக்கும் வணிகமோ தூய இனத்திலும் உண்டு, கலப்பினத்திலும் உண்டு. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆறு மாதம் நிரம்பாத நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இடைத்தரகர் விற்பதைத் தடுத்தது. குட்டிகளை ஓயாது ஈனுவித்து நலிவிக்கப்பட்டு மீட்கப்பட்ட லூசி என்னும் நாயின் பெயரால் அச்சட்டம் வழங்குகின்றது. அந்த லூசி கலப்பு நாயன்று. கவலியர் ஸ்பானியல் என்னும் தூய இனத்தது.

ஆதலின், தூயதா கலப்பா என்னும் வினா வாங்குவோனுக்கு வழிகாட்டாது. குட்டியைத் தாயோடு நேரிற் கண்டானா? பெற்றோரின் கண்ணும் இடுப்பெலும்பும் பரிசோதிக்கப்பட்டனவா? பத்துப் பதினைந்து ஆண்டு வாழக்கூடிய அவ்வுயிரை இறுதிவரை பேணத் தன்னால் இயலுமா? கைவிடப்பட்டோர் இல்லத்தில் இதே அன்பைத் தரும் நாய் ஒன்று காத்திருக்கின்றதா? இவையே வினாவத்தக்கவை. பரம்பரை விதிகள் விளம்பரத்திற்கும் வளையா. வமிசாவளி ஏட்டிற்கும் பணியா. அவற்றை அறிந்தும் ஒரு பெயரின் கவர்ச்சிக்காக உயிரைப் படைப்போமாயின், அதன் விலையைச் செலுத்துவது நாமல்லோம். நம்மை நம்பி அடுப்படிக்கு வந்த அவ்விலங்கே.