ஈச்சம்புதரில் எத்தனை உயிர்?

தென்னையின் உச்சிக் குருத்தை வெட்டிவிட்டால் மரம் பட்டுப்போகும். ஏன் தெரியுமா? தென்னை வளர்வது உச்சியில் இருக்கும் ஒரே ஒரு மொட்டால்தான். அது போனால் மாமரத்தைப்போலப் பக்கத்தில் கிளைவிடத் தென்னைக்குத் தெரியாது. பனைக்கும் அப்படித்தான்.

அதே குடும்பத்தில் பிறந்த சிற்றீச்சை கெட்டிக்காரி. மலையடிவாரத்தில் முள்ளும் ஓலையுமாக நிற்குமே, அந்தப் புதர்தான். வாழையைப்போல அதன் அடியிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குருத்து. ஒரு தண்டை வெட்டி, உள்ளே வெள்ளையாக இருக்கும் இளங்குருத்தைத் தின்றால் அந்தத் தண்டு மட்டும்தான் சாகும்; மற்றவை வளர்ந்துகொண்டே இருக்கும்.

குருத்தை எடுப்பது லேசான வேலை இல்லை. ஓலையின் அடிப்பக்கம் முழுக்க ஊசி முள். உற்றுப் பார்த்தால் அவையும் ஓலையின் கீற்றுகள்தான் என்று தெரியும். அடியில் இருப்பவை மட்டும் விறைத்து முள்ளாகிவிட்டன. கண்ணை மட்டும் பக்கத்தில் கொண்டுபோய்விடாதீர்கள்! மேலே உள்ள கீற்றுகளையும் பாருங்கள். தென்னங்கீற்று கூரைபோலக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். ஈச்சங்கீற்றோ வாய்க்கால்போல மேல்நோக்கித் திறந்திருக்கும்.

ஈச்சம்பழம் தின்றிருக்கிறீர்களா? காய் சிவந்து, பிறகு கறுத்துப் பழுக்கும். இனிப்புதான், ஆனால் சதை கொஞ்சம், கொட்டைதான் பெரிது. கடையில் விற்கும் பேரீச்சை இதற்கு நெருங்கிய சொந்தம். அந்தக் கொட்டையிலும் இதிலும் ஒரே மாதிரி நீளக் கோடு ஓடுவதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில புதர்கள் எத்தனை வருடம் ஆனாலும் காய்க்காது. அவற்றுக்கு நோய் ஒன்றும் இல்லை, அவை ஆண் புதர்கள்! ஈச்சையில் ஆண் தனி, பெண் தனி. ஆணின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் பெண் காய்க்கும். பூப்பதற்கு முன் எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்லவே முடியாது.

பேரீச்சையிலும் இப்படித்தான். இஸ்ரேலில் மசாடா என்ற பழைய கோட்டையைத் தோண்டியபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. வயது ஏறக்குறைய 2000 ஆண்டு. 2005இல் ஊன்றிய கொட்டைகளில் ஒன்று முளைத்தே விட்டது! மெதுசேலா என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்து பூத்த பிறகு பார்த்தால், அது ஆண். பிறகு அதேபோன்ற இன்னொரு பழங்காலக் கொட்டையிலிருந்து ஹன்னா என்ற பெண்மரம் வளர்ந்தது. மெதுசேலாவின் மகரந்தத்தை அதன் பூவில் சேர்த்தார்கள். 2020இல் ஹன்னா பழம் கொடுத்தது.