காலாங்கில் பிறந்த ஆகாய சேவை

இன்று சமுத்திரங்களைத் தாண்டிப் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சரித்திரத்தை எத்தனை பெரிய விமானத்தோடு ஆரம்பித்தது என்று எண்ணுகிறீர்கள்? ஐந்தே பிரயாணிகள் அமரக்கூடிய ஒரு சின்னஞ்சிறு விமானத்தோடுதான்!

யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பயிற்சியளித்த ஆக்ஸ்ஃபோர்டு என்னும் மரத்தாலான விமானத்தை, சமாதானம் திரும்பியபின் பொதுஜனப் பிரயாணத்திற்கு உகந்ததாக மாற்றியமைத்து, ஏர்ஸ்பீட் நிறுவனத்தார் கான்சல் என்று நாமகரணம் செய்தார்கள். இரட்டை இயந்திரம் பூண்ட அந்தக் கான்சலைக் கொண்டுதான், 1947ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து அதிக தூரமில்லாத காலாங் விமான நிலையத்திலிருந்து, மலாயன் ஏர்வேஸ் என்ற அந்நாளைய பெயருடன், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய நகரங்களுக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் கிரமமான சேவையைத் துவக்கியது.

ஆகாயத்தில் கிடைத்த உபசாரமோ, ஒரு குடுவை நிறையக் குளிர்ந்த நீர் மட்டுமே! ஆயினும், உலகம் போற்றும் விருந்தோம்பலுக்கு அதுவே பிள்ளையார் சுழி. காலாங்கின் பழைய நிலையக் கட்டடம், கண்ணாடிக் கோபுரத்தோடு இன்றும் நிற்கிறது. அவ்வழியே செல்லும்போது பிள்ளைகளுக்கு அவசியம் காட்டி, இந்த வரலாற்றையும் சொல்லுங்கள்.