மான் ஹலால்தான், மான் வேட்டைக்குப் போகலாமா?

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுள் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் தம்பி ஒருவர் கைபேசியை நீட்டிச் சில படங்களைக் காட்டினார். எட்டு மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்று. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கொல்லுப் பட்டறையில் செய்து வாங்கிய கத்திகள் இரண்டு.

"ஹஜ்ரத், கூட்டாளிங்க நாலு பேரும் ஒரு ராத்திரி வேப்பூர்க் காட்டுப் பக்கம் போயிட்டு வரலாம்னு இருக்கோம். மான் ஹலால்தானே? பிஸ்மி சொல்லி நாயை விட்டா போதும்தானே?"

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. எனவே அவரிடம் சொன்னதை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே விளக்குகிறேன்.

மார்க்கம் அனுமதித்தது எதை?

மான் இறைச்சி ஹலால். இதில் கருத்து வேறுபாடு இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட வேட்டைப் பிராணி நமக்காகப் பிடித்துத் தருவதை, அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ண குர்ஆன் (5:4) அனுமதிக்கிறது. இதன் விவரங்களை நபி (ஸல்) அவர்களிடம் துருவித் துருவிக் கேட்டவர் அதீ பின் ஹாத்திம் (ரலி). கொடைக்குப் பேர்போன ஹாத்திம் தாயின் மகன் இவர். இவருடைய கூட்டத்தார் நாய்களை வைத்து வேட்டையாடியவர்கள். இவர் வழியாக வந்த ஹதீஸ்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளன. அவற்றின் சாரம் இதுதான்: பழக்கிய நாயை பிஸ்மி சொல்லி ஏவினால், அது பிடித்ததை உண்ணலாம். நாய் அதில் வாய்வைத்துத் தின்றிருந்தால் நாம் உண்ணக்கூடாது, அது தனக்காகப் பிடித்திருக்கலாம். வேறொரு நாயும் சேர்ந்து பிடித்திருந்தால் அதையும் உண்ணக்கூடாது, நாம் பிஸ்மி சொன்னது நம் நாய்க்கு மட்டும்தான்.

"பழக்கிய நாய்" என்றால் என்ன? ஏவினால் ஓட வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தின்னாமல் காத்திருக்க வேண்டும். ஒரு முறை இப்படிச் செய்துவிட்டால் போதாது. திரும்பத் திரும்பச் செய்து அதுவே அதன் வழக்கமாக வேண்டும் என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். எட்டு மாதக் குட்டி, ஓடுவதைப் பார்த்தால் துரத்தும். துரத்துவது பயிற்சி ஆகாது. அது கடித்துக் கொன்றது செத்த பிராணியின் சட்டத்தில்தான் சேரும். உயிருடன் கைக்குக் கிடைத்து முறையாக அறுத்தால் மட்டுமே ஹலால். நாயின் பல் பட்ட இடத்தை, ஒரு முறை மண் கலந்த நீரால் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும் என்பதும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமே.

கத்தி விஷயத்திலும் மார்க்கம் நுணுக்கமானது. கத்தி கூராக இருக்க வேண்டும். அதைப் பிராணியின் கண்ணெதிரே தீட்டக்கூடாது. பல்லாலும் நகத்தாலும் அறுக்கக்கூடாது என்று ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் சொல்கிறது. பல் எலும்பு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கைப்பிடி கொம்பாலோ எலும்பாலோ இருக்கலாம், அறுக்கும் அலகு அப்படி இருக்கக்கூடாது. அந்தத் தம்பியின் கத்திகளில் இந்தக் குறை எதுவும் இல்லை.

வீடு தேடி வரும் மான்கறி

"நாங்க வேட்டைக்குப் போறதில்ல ஹஜ்ரத், யாராவது கொண்டாந்தா வாங்குவோம்" என்பவர்களும் உண்டு. அந்த மான் எப்படிச் செத்தது என்று அவர்கள் கேட்பதில்லை. காட்டோரத்தில் திருட்டுத்தனமாக நடக்கும் வேட்டையில் பெரும்பாலும் சுருக்குக் கம்பி, மின்கம்பி, நாட்டுத் துப்பாக்கி, கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் ஆகியவைதான் பயன்படுகின்றன. கழுத்து நெரிந்து செத்ததையும் அடிபட்டுச் செத்ததையும் விழுந்து செத்ததையும் குர்ஆன் (5:3) பெயர் சொல்லியே ஹராமாக்குகிறது. சுருக்கில் மாட்டிச் செத்த மானும் மின்சாரம் தாக்கிச் செத்த மானும் அதில்தான் அடங்கும். யார் அறுத்தார், அறுக்கும்போது உயிர் இருந்ததா என்று தெரியாத கறியை "மான்கறி" என்ற பெயருக்காகப் பிள்ளைகளுக்கு ஊட்டலாமா?

நாட்டின் சட்டம்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இந்தியா முழுவதும் மான் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டும் வேட்டையல்ல. துரத்துவது, கண்ணி வைப்பது, பிடிப்பது, அதற்கு முயல்வது எல்லாமே அச்சட்டத்தில் வேட்டைதான். கறியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே. 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி புள்ளிமான் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கோடியக்கரை சரணாலயத்தில் திரியும் வெளிமான் முதல் பட்டியலில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பயன்படுத்திய வண்டியும் ஆயுதமும் பறிமுதலாகும்.

1998-இல் ராஜஸ்தானில் வெளிமான் வேட்டையாடிய வழக்கில் நடிகர் சல்மான் கானைக் குற்றவாளி என்று 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்து 5 ஆண்டு சிறை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்து பிணையில் இருக்கிறார். 20 ஆண்டு வழக்கை அவரால் தாங்க முடிந்தது. இரண்டு மாத விடுமுறையில் வந்த நம் பிள்ளையின் நிலை என்ன? வழக்கு வந்தால் பாஸ்போர்ட் சிக்கலாகும், வேலை போகும். வாப்பாவும் உம்மாவும் நீதிமன்ற வாசலில் நிற்பார்கள்.

"மார்க்கம் அனுமதித்ததைச் சட்டம் தடுக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேட்டை ஃபர்ளு அல்ல, சுன்னத்தும் அல்ல. செய்தாலும் செய்யாவிட்டாலும் சமமான, ஆகுமான செயல் அது. இத்தகைய ஒன்றைப் பொதுநலன் கருதி ஆட்சியாளர்கள் தடுத்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நாம் இந்நாட்டின் சட்டத்தை ஏற்று வாழ்பவர்கள். அது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையும், இஹ்ராமில் வேட்டை கூடாது என்ற தடையும் குர்ஆனில் ஒரே வசனத்தில் (5:1) சேர்ந்தே வருகின்றன. முறைப்படி அறுத்திருந்தால் சட்டவிரோதமாகப் பிடித்த மானின் கறி செத்த பிராணியின் கறி ஆகிவிடாது. ஆனால் செய்த செயல் குற்றம், அதற்கு அல்லாஹ்விடமும் பதில் சொல்ல வேண்டும்.

தடுக்கப்பட்ட வேட்டை நமக்குப் புதிதல்ல

இஹ்ராம் கட்டியவர் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடக்கூடாது. மக்கா, மதீனா புனித எல்லைகளில் யாரும் எப்போதும் வேட்டையாடக்கூடாது. மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டவும் மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். இஹ்ராமில் இருந்த நபித்தோழர்களின் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளை வரவைத்து அல்லாஹ் அவர்களைச் சோதித்ததாக 5:94-ஆம் வசனம் கூறுகிறது. யாரும் பார்க்காத இடத்தில் கையை இழுத்துக்கொள்வதுதான் அந்தச் சோதனை. கோடையில் வேப்பூர்ப் பக்கம் தண்ணீர் தேடி ஊர் ஓரத்துக்கு வரும் மானும் அப்படித்தான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது.

பட்டப்படிப்பில் தமிழிலக்கியம் படித்தபோது சீறாப்புராணத்தில் "மானுக்குப் பிணை நின்ற படலம்" படித்தேன். வேடனிடம் சிக்கிய பெண்மான் குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருவதாகக் கெஞ்ச, நபி (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்பதாக உமறுப்புலவர் பாடியிருப்பார். இந்நிகழ்ச்சியின் அறிவிப்புகள் பலவீனமானவை என்பது ஹதீஸ்கலை அறிஞர்களின் கருத்து. எனவே நான் இதை ஆதாரமாக வைக்கவில்லை. ஆனால் வள்ளல் சீதக்காதிக்குப் பின் அப்புலவரை ஆதரித்து அக்காவியம் அரங்கேற உதவியவர் நம் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர். வேடனை விட மானுக்காக இரங்கிய ஒரு பாட்டைப் போற்றி வளர்த்த மண் இது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

தம்பியிடம் கடைசியாக இப்படிச் சொன்னேன்: "நாயை வயல் காவலுக்குப் பழக்குங்க, அதுக்கு ஹதீஸ்லயே அனுமதி இருக்கு. கத்தியை எண்ணெய் தடவி எடுத்து வைங்க, ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானி கொடுக்க உதவும். கூட்டாளிங்களோட போகணும்னா பிச்சாவரத்துல படகுல போயிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே எழுந்தவர் இரண்டடி போய்த் திரும்பி, "மத்த மூணு பேருக்கும் நீங்களே சொல்லிடுங்க ஹஜ்ரத்" என்றார். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதியிருக்கிறேன்.

தனிமையிலும் தன்னை அஞ்சி நடக்கும் நல்லடியார்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.