ரொக்கெட்டுக்கு இடம் கொடுத்த தேவாலயம்

2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி மாலை இந்தியாவின் சந்திரயான்-3 கலம் நிலவில் இறங்கியது. அதற்குச் சில நாட்களின் பின்னர், இடம்பெயர்ந்த குடும்பங்களின் சிறுசேமிப்புக் குழுவொன்றின் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். கணக்குப் பார்த்து முடிந்ததும் ஒரு தாய் கேட்டார்: "சுவாமி, நிலவுக்குப் போன அந்தக் காசில எத்தினை கிணறு வெட்டலாம்?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய தோட்டக் கிணறு தூர்ந்துபோய்க் கிடக்கிறது.

அப்பயணத்திற்கு ஏறத்தாழ 615 கோடி இந்திய ரூபா செலவானது. கிணறுகளாகக் கணக்கிட்டால் பல ஆயிரம் வரும். ஆகவே அத்தாயின் கேள்வி நியாயமானதே.

இதே கேள்வியை 1970இல் ஓர் அருட்சகோதரியும் கேட்டார். ஆபிரிக்காவில், சாம்பியா நாட்டில் பணியாற்றிய மேரி ஜுகுண்டா என்பவர், அமெரிக்காவின் நாசா நிறுவனத்து விஞ்ஞானி ஏர்ன்ஸ்ற் ஸ்ரூலிங்கருக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் பட்டினியால் சாகும்போது, செவ்வாய்க்குப் போகக் கோடிக்கணக்கான டொலரைச் செலவிடும்படி சொல்ல உமக்கு எப்படி மனம் வந்தது என்பதே அதன் சாரம். அவர் பொறுமையாக நீண்ட பதில் எழுதினார். முன்னொரு காலத்தில் ஜேர்மனியில் ஒரு பிரபு ஏழைகளுக்கு வாரி வழங்கினாராம். கூடவே, கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரையும் ஆதரித்தாராம். ஊர் மக்கள் கோபித்தார்கள். ஆனால் அந்த வில்லை வேலையிலிருந்துதான் நுணுக்குக்காட்டி பிறந்தது, நோய்க்கிருமிகள் தெரியவந்தன. செய்மதிகளும் அவ்வாறே பயிரையும் மழையையும் பார்த்துச் சொல்லும் என்பது அவருடைய வாதம்.

நல்ல பதில்தான். ஆயினும் ஸ்ரூலிங்கர் இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியின் வி-2 ரொக்கெட்டை ஆக்கிய குழுவில் இருந்தவர் என்பதையும் மறக்கலாகாது. அவை லண்டனில் குடிமனைகள் மீது விழுந்தன. வானத்திலிருந்து என்னென்ன வந்து விழும் என்பது எமது மக்களுக்கு எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அவருடைய கடிதம் பணச் செலவைப் பற்றியே பேசுகிறது. விலையைப் பணமாகவன்றி நிலமாகக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கதை கேரளக் கரையில், திருவனந்தபுரத்திற்கு அண்மையிலுள்ள தும்பா என்ற மீனவக் கிராமத்தில் நடந்தது.

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்கிறது. மேல்வானத்தை ஆராய்வதற்கு அது வாய்ப்பான இடம். 1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் அங்கே ரொக்கெட் ஏவுதளம் அமைக்க விரும்பினார். அவர் கேட்ட நிலத்தில் புனித மகதலேன் மரியாள் தேவாலயமும், ஆயர் இல்லமும், மீனவர் குடிசைகளும் இருந்தன. அப்போதைய ஆயர் பீற்றர் பேர்னாட் பெரைரா ஞாயிறு திருப்பலியில் மக்களிடமே சம்மதம் கேட்டதாக அப்துல் கலாம் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மக்கள் ஒப்புக்கொண்டு இடம்மாறினார்கள். செபக்கூடம் கலாமுடைய முதல் ஆய்வுகூடமாயிற்று. ஆயரின் அறையில் வரைபடம் வரைந்தார்கள். ரொக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். 1963 நவம்பர் 21ஆம் திகதி, அமெரிக்கா வழங்கிய சிறிய ரொக்கெட் ஒன்று தென்னைகளுக்கு மேலாக எழும்பியது. இன்று அத்தேவாலயம் விண்வெளி நூதனசாலை.

சம்மதம் கேட்கப்பட்டது என்பதை நாம் சிறிதாக எண்ணவில்லை. நிலத்தை விட்டு எழும்பிய எங்களில் எத்தனை பேரிடம் யார் கேட்டார்கள்?

அந்த நிலத்திற்குப் பதிலாக என்ன கிடைத்தது? கிடைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் செய்மதி பார்த்து, மீன் கூடும் இடம் எதுவென்று இந்திய மீனவருக்கு அறிவிக்கிறார்கள். சூறாவளி எச்சரிக்கையும் வருகிறது. ஆனால் 1999 ஒக்ரோபரில் ஒடிசாவைப் பெருஞ்சூறாவளி தாக்கியபோதும் இந்தியாவிடம் செய்மதி இருந்தது. புயல் வருவது தெரிந்திருந்தது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2013இல் அதே கரைக்கு பைலின் சூறாவளி வந்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேரே. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் செய்மதியும் திருந்தியது உண்மை. ஆனால் கரையோரமெங்கும் புயல் தங்குமிடங்கள் எழும்பியிருந்தன, வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஊரிலேயே தொண்டர்கள் இருந்தார்கள். செய்மதியோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு அற்பம். அந்த அற்பத்தைச் செலவிடாதவரை மேலே செலவிட்டதும் வீண்தான் என்பது எமது எண்ணம்.

இதற்குத் தும்பாவின் கரையே சாட்சி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி என்ற தாழமுக்கம் இலங்கையின் தென்மேற்கைத் தாக்கிவிட்டுக் கன்னியாகுமரிப் பக்கம் திரும்பியது. 30ஆம் திகதிதான் அது சூறாவளி என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளின் மீனவர்கள் ஆழ்கடலில் நின்றார்கள். கைத்தொலைபேசி எட்டாத தூரம். வானிலிருந்து படம் எடுத்தாயிற்று, வள்ளத்திற்குச் செய்தி போகவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. ரொக்கெட்டுக்குத் தேவாலயத்தையே விட்டுக்கொடுத்த கரை அது. செய்மதி வழியாக வள்ளத்திற்குச் செய்தி அனுப்பும் கருவிகளைக் கொடுக்கும் வேலை அதன் பின்னரே வேகம் பெற்றது. நிலம் கொடுத்தவனுடைய வள்ளத்தில் அல்லவா முதற் கருவி பொருத்தப்பட்டிருக்க வேண்டும்!

கடலைப் பற்றியே சொல்கிறீர்கள், எங்கள் காணிக்கு என்ன என்று கேட்பீர்கள். 1972 முதல் அமெரிக்காவின் லான்ட்சாற் செய்மதிகள் நிலத்தைப் படம் எடுத்து வருகின்றன. அவற்றுள் 1984இல் ஏவப்பட்ட ஒன்று 2013 வரை வேலை செய்தது. 16 நாட்களுக்கு ஒருமுறை அது ஒரே இடத்திற்கு மேலாகக் கடந்து சென்றது. முகில் மூடிய நாட்களும் பதிவாகாத நாட்களும் அநேகம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றர் நீள அகலம். ஆகையால் அரை ஏக்கர் தோட்டம் இரண்டு புள்ளிதான், வரம்பு தெரியாது. ஆனால் குளத்தில் தண்ணீர் நின்றதா, வயல்வெளி பச்சையாக இருந்ததா, எப்போது பற்றை ஏறியது என்பவை தெரியும். நாம் போக முடியாதிருந்த ஆண்டுகளிலும் அது மேலாகப் போய்வந்தது. 2008 முதல் இப்படங்களுக்குக் கட்டணம் இல்லை. இவை காணி உறுதிக்கு ஈடாகமாட்டா. எனினும் இங்கே வயல் இருந்தது, குளத்துநீர் பாய்ந்தது என்று சொல்லும்போது கையில் ஒரு படம் இருப்பது நல்லது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னோம். அந்தத் தாய் முழுவதையும் கேட்டார். கிணற்றுக் கேள்வியை அவர் கைவிடவில்லை. "அது கிடக்கட்டும் சுவாமி, எங்கட குளத்தின்ர படம் எந்த வருசத்துக்கு எடுக்கலாம்?" என்றார். முதலில் 1989ஐப் பார்ப்போம் என்றோம். குளத்தின் பெயரையும் பக்கத்துச் சந்தியின் பெயரையும் எமது குறிப்பேட்டில் தானே எழுதித் தந்தார்.