அப்புச்சியின் எழுத்து எங்கே போச்சு?



எங்க அப்புச்சி 2004-ல் உக்கடம் பெரியகுளம் பற்றிய தன் சின்ன வயது நினைவுகளைச் சொல்ல, ஒரு டிடிபி கடையில் டைப் அடித்து சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது அப்புச்சி இல்லை, அந்தக் கடையும் இல்லை. போன மாசம் அம்மிச்சி அந்த சி.டி.யைக் கொடுத்து, "என்ன எழுதி வெச்சாருன்னு படிச்சுக் காட்டு கண்ணு" என்றார்.

பள்ளிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். முதல் வார்த்தையே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது! பக்கம் முழுக்க அப்படித்தான். அழுகையே வந்துவிட்டது. மிஸ் பார்த்துவிட்டு, "இது கெட்டுப் போகலை. பாமினி எழுத்துருவில் அடிச்சது. முதல் வார்த்தை 'அம்மா'" என்றார்.

அது எப்படி?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலச் சின்ன எம்முக்கு 109, கே-க்கு 107. பாமினியில் அதே 109-ல் 'அ' படத்தையும், 107-ல் 'ம' படத்தையும் வைத்துவிட்டார்கள். பாமினி இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் எம், கே என்றுதான் தெரியும்.

இப்படி ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி எண் வரிசை வைத்திருந்தது. ஒரே 5-ஆம் நம்பர் பஸ் ஒரு கம்பெனியில் போத்தனூருக்கும் இன்னொன்றில் காந்திபுரத்துக்கும் போனால் நாம் என்ன ஆவோம்? அதே கதைதான்!

அவர்களையும் குறை சொல்ல முடியாது. அன்றைய கம்ப்யூட்டர்களில் தமிழுக்கு இடமே இல்லை. அந்த எழுத்துருக்கள் இருந்ததால்தான் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் தமிழில் வந்தன.

பொது வழி

1991-ல் வெளிவந்த யூனிகோடு முறையில் 'அ'வுக்கு 2949, 'ம'வுக்கு 2990. எந்தக் கம்பெனி, எந்த நாடு, எந்த போன் ஆனாலும் அதே எண்தான். பட்டியலை யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. தமிழுக்கு மட்டுமில்லை, நம்ம உக்கடத்தில் பேசுகிற மலையாளத்துக்கும் உருதுவுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. ஒன்று இன்னொன்றின் இடத்தைப் பிடிக்காது.

1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்ற பொது முறைகளை அறிவித்தது. 2010 ஜூனில் நம்ம கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது யூனிகோடை அரசு ஏற்றுக்கொண்டது. நம்ம ஊருக்குப் பெருமைதானே!

பாமினியின் எண் வரிசை எல்லோருக்கும் தெரியும் என்பதால் மிஸ் அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். "அம்மா குளத்துக்குப் போகும்போது நானும் பின்னாலேயே ஓடுவேன்" என்று நான் படிக்க, அம்மிச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஆனால் சி.டி.யில் இன்னொரு ஃபைல் இருக்கிறது. அது வேறு ஏதோ எழுத்துரு. அதன் எண் வரிசை யாரிடமும் கிடைக்கவில்லை. அப்புச்சி அதில் என்ன சொன்னாரோ!

தோழர்களே, உங்கள் வீட்டிலும் பழைய சி.டி. இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைகளும் படிக்கணுமே!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி