ஆறு கார்த்திகைப் பெண்களில் எத்தனை பேர் தெரிகிறார்கள்?

இந்த மாதத்து நிலவில்லா இரவுகள் முடிய இன்னும் நாலே நாள். அதற்குள் இரவு வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று மக்களே பார்த்துச் சொல்லும் ‘குளோப் அட் நைட்’ கணக்கெடுப்புக்கு உங்கள் ஊர் வானத்தைப் பார்த்துப் பதிவு செய்யலாம் என்று எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வி: ஒரு விண்மீனின் ஒளித்தரம் 5 என்றால் 2-ஐவிடப் பிரகாசமா, மங்கலா?

மங்கல்தான். பள்ளிக்கூட ரேங்க் மாதிரி, எண் ஏற ஏற மவுசு குறையும். ஒரு படிக்கு 2.512 மடங்கு, ஐந்து படிக்குச் சரியாக 100 மடங்கு. 1856-ல் இந்தக் கணக்கை வகுத்த நார்மன் போக்சன், 1861-ல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு வந்து 1891-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். வெறும் கண்ணின் எல்லை 6 என்கிறது பாடநூல். எந்த ஊர்க் கண் என்று சொல்வதில்லை.

இந்தக் கணக்கெடுப்பு முறையில் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. வானத்து வெளிச்சத்தை யாரும் நேராக அளப்பதில்லை. தரம் தெரிந்த விண்மீன்களில் எது தெரிகிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். படிவம் ஓரியன் விண்மீன் குழுவைக் கேட்கும். அதன் தலைதான் நம் மிருகசீரிடம். மூன்று சிறு புள்ளிகளில் ஒன்று 3.4, மற்ற இரண்டும் 4-க்கு மேல். இடுப்புப் பட்டை மூன்றும் பளிச்சென்று தெரிந்து, மேலே தலை இல்லாவிட்டால் உங்கள் வானம் 3-ஐ ஒட்டி நிற்கிறது. மாமல்லபுரம் கடற்கரையில் தலை தெரிந்து, செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் தெரியாமல் போனால், அந்த வித்தியாசம்தான் அளவு.

எனக்குப் பிடித்த அளவுகோல் கார்த்திகை. பழைய தமிழில் அறுமீன். மூத்தவள் 2.9, ஆறாமவள் 4.3. திருப்போரூர் முருகன் சன்னிதித் தெருவில் நின்று எண்ணிப் பாருங்கள், அவனை வளர்த்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று.

விண்மீன்களை மறைப்பது ஊர் வெளிச்சம். அதில் எல்.இ.டி. தெருவிளக்கு மின்சாரத்தைச் சேமிக்கிறது என்பது உண்மை. செயற்கைக்கோள் படத்திலும் வெளிச்சம் பெரிதாகக் கூடவில்லையே என்று காட்டினால் மட்டும் நம்பாதீர்கள். அந்தச் செயற்கைக்கோள் கருவிக்கு நீல ஒளி தெரியாது. மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றி வெள்ளை விளக்கு மாட்டினால், அதன் கணக்கில் தெரு இருண்டுபோனதாகக்கூட வரும். தரையில் நிற்பவன் கண்ணுக்கோ நீலம்தான் அதிகம் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது. 2011 முதல் 2022 வரை இந்தக் கணக்கெடுப்புக்கு மக்கள் அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட பதிவுகளின்படி வானம் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் வெளுத்தது. செயற்கைக்கோள் சொன்னது 2 சதவீதத்தை ஒட்டி. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். நம் பக்கம் சொற்பம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மூக்குக் கண்ணாடி? போட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலர் கூடாது.

எப்போது? பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து. செல்பேசியை மடக்கிவைத்துப் பத்து நிமிடம் இருட்டில் நின்றபின்.

மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் கண்ணைக் கூச வைக்கிறதே? அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

நகரும் புள்ளி? எண்ணாதீர்கள்.

ஒன்றுமே தெரியவில்லையே? அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.