சேலை கட்டி வாங்கும் காணிக்கை

புரட்டாசியில் கோவில்பட்டிக் கரிசலில் விதைப்பு நடக்கும் நேரம், ஊருக்குள் தசரா குழுக்கள் இறங்கிவிடும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஆண்கள் காப்புக் கட்டி, சேலை உடுத்திக் குறத்தியாகவும் ராணியாகவும் வருவார்கள். கழுத்தில் பாசிமணி, உதட்டில் சாயம், இடுப்பில் கூடை. கடைக்காரர் கையைப் பிடித்துக் குறி சொன்னால் கடைத்தெருவே சிரிக்கும். சிரித்தவர் சட்டைப்பையில் கைவிட்டே ஆக வேண்டும். வசதியுள்ளவரும் நாலு வீட்டு வாசலில் கையேந்துவதுதான் இந்த நேர்த்திக்கடனின் பெருமை. சேர்ந்த காசு சூரசம்ஹாரத்தன்று அம்மன் உண்டியலுக்குப் போகும். அன்னதானம் போடும் குழுக்களும் உண்டு. வேடமிட்டவர்கள் உங்கள் வாசலுக்கு வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். காணிக்கையோடு ஒரு செம்பு தண்ணீரும் கொடுங்கள், வெயிலில் நடந்து வருகிறவர்கள்.